பலவேசத்தைத் துடைத்த அட்டைப்படம்

தேரிக்குடியில் மின்கம்பிகள் காணாமல் போன அன்று காலையிலும் மாவு மில் ஓடியது, கோயில் ஒலிபெருக்கி பாடியது, மாடித் தொட்டிகளுக்கெல்லாம் தண்ணீர் ஏறியது, ஆகவே வெயில் நன்றாக ஏறும்வரை ஊரில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. முதலில் கண்ணில் பட்டது காக்கைகள்தான். தேரோடும் வீதியில் ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவே, வெறும் காற்றில், எப்போதும்போல வரிசையாக உட்கார்ந்து, எப்போதும்போல ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. டீக்கடை மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவர் பார்ப்பதைப் பார்த்து அண்ணாந்து பார்த்தார்கள், பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். கம்பங்கள் இருந்தன. கம்பிகள் இல்லை. வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

"கரண்டு இருக்கா?" என்று ஒருவர் கேட்டார்.

"இருக்கு. ஃபேன் ஓடுதுல்லா."

"பொறவு என்ன வேய்?" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்தார்.

ஊரே இவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்ட விஷயத்தில் திடுக்கிட்டவள் ஒரே ஒருத்திதான். அவள் பெயர் உலகம்மாள். வீதி முனையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தாள். கடை ஷட்டரைப் பாதி தூக்கியவள் அப்படியே நின்று மேலே பார்த்தாள். அந்த வானத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். முந்தின நாள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அதைச் செய்தவளே அவள்தான்.

காது குத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் எது நடந்தாலும் அதற்கு ஒரு ஃப்ளெக்ஸ் வேண்டும், ஃப்ளெக்ஸ் என்றால் உலகு வேண்டும். அவள் கைக்கு வந்த படத்தில் மரு இருக்காது, தழும்பு இருக்காது, வழுக்கை இருக்காது, பின்னால் கிடக்கிற குப்பைத்தொட்டி இருக்காது. கறுத்தவர் சிவப்பார், சிவந்தவர் மின்னுவார், கட்சிக்காரராக இருந்தால் பக்கத்தில் ஒரு சிங்கம் வந்து நிற்கும். தேரிக்குடியில் உயிரோடு இருப்பவர்களும் செத்துப்போனவர்களும் ஒரே நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்ததற்கு அவள்தான் காரணம், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்படிப்பட்டவளிடம்தான் அவளுடைய சிநேகிதி கோமதி ஒரு போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தாள். கோமதி பாடுகிறவள். கிடார் வாசிக்கிற ராபின்சனும், தபேலாவிலிருந்து தண்ணீர் கேன்வரை எதையும் தட்டுகிற மைதீனும், அவளும் சேர்ந்து 'மூணு ஃபேஸ்' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, ஒரு முழு ஆல்பம் முடித்துவிட்டார்கள். அதற்குப் பெயர் 'அண்ணாந்து'. தேர்த்திருவிழா அன்று மேடை போட்டு வெளியிட வேண்டும், அதற்கு முன்னால் இணையத்தில் அட்டைப்படத்தைக் காட்டிவிட வேண்டும், திருவிழாவில் பாட்டெல்லாம் ஏற்றிய பென்டிரைவை அதே அட்டையில் வைத்து விற்க வேண்டும் என்பது திட்டம்.

"உலகு, இத அப்படியே போடு. ஒண்ணையும் தொட்டுராத. ஓரத்துல பேர மட்டும் பொடிசா எழுது, போதும்" என்று கோமதி சொன்னாள்.

போட்டோ என்றால் அது ஒரு போட்டோ. கம்பத்தடியில் நின்று செல்போனை வானத்துக்குக் காட்டி எடுத்தது. கோணல். நூல் சிக்கின மாதிரி குறுக்கும் நெடுக்கும் கம்பிகள். கம்பத்து உச்சியில் ஏதோ கறுப்பாக ஒரு உருண்டை. கோமதி மிக்ஸிங் வேலைக்கு நாகர்கோவில் பஸ் ஏறிவிட்டாள். உலகு அந்தப் படத்தைத் திரையில் போட்டுப் பார்த்தாள், கை பரபரத்தது, சிநேகிதியின் முதல் ஆல்பம் இப்படி அழுக்காகவா போகும் என்று மனசு கேட்கவில்லை. ஒரு கம்பியைத் துடைத்தாள். ஒன்றைத் துடைத்தால் அடுத்தது உறுத்தியது. எல்லாவற்றையும் துடைத்தபிறகு அந்த உருண்டை மட்டும் தனியாக உறுத்தியது. தேன்கூடு என்று நினைத்தாள். அதையும் துடைத்தாள். வானத்துக்கு இன்னும் கொஞ்சம் நீலம் ஏற்றினாள், பழைய படத்தின் மேலேயே சேமித்தாள், இணையத்தில் ஏற்றிவிட்டாள். ராத்திரிக்குள் ஊரே அதற்கு இதயம் போட்டிருந்தது.

உருண்டை என்னவென்று சொல்லவும் வேண்டுமா என்று கோமதி நினைத்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று உலகு பின்னால் நினைத்தாள்.

அட்டைப்படத்தைப் போனில் பார்த்த கோமதி கிடைத்த பஸ்ஸில் வந்து இறங்கி, நேராகக் கடைக்கு வந்தாள். மேலே பார்க்கவில்லை. உலகுவைத்தான் பார்த்தாள்.

"ஏட்டி, கம்பத்து மேல இருந்தது என்னன்னு நெனச்ச?"

"தேன்கூடு."

"அது எங்கப்பா" என்றாள் கோமதி.

கோமதியின் அப்பா பலவேசம் ஊருக்கு லைன்மேன். விடிந்தால் ஒரு கம்பம், அடைந்தால் ஒரு கம்பம் என்று இருக்கிறவர். இரண்டு பேரும் அவள் வீட்டுக்கு ஓடினார்கள். கோமதியின் அம்மா ஆவுடையம்மாள் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா வந்துட்டாவளா?"

"வந்தாச்சு, குளிச்சாச்சு, ரெண்டு தோச தின்னாச்சு. ஆளத்தான் காணல" என்றாள் ஆவுடையம்மாள், தோசையைத் திருப்பிப் போட்டபடி.

நார்க்கட்டிலின் நடுவே ஒரு ஆள் கனத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. டம்ளர் ஒன்று தரையிலிருந்து எழுந்து, சாய்ந்து, காலியாகி, கீழே வந்தது. போட்டிருந்த சட்டையும் அவரோடு சேர்ந்து போய்விட்டிருந்தது. வேப்பெண்ணெய் சோப்பு வாசனை மட்டும் அறை முழுக்க இருந்தது.

"மாமா, நாந்தான் மாமா, தெரியாமத் தொடச்சிட்டேன்" என்று உலகு கட்டிலைப் பார்த்துக் கையைக் கூப்பினாள்.

"சரி விடு. வெயிலு உறைக்கல இப்ப" என்றது பலவேசத்தின் குரல்.

"முன்னயும் கம்பத்துல ஏறுனா ராத்திரிதான் எறங்குவாவ, எறங்குனாலும் வாயத் தொறக்க மாட்டாவ. இப்ப மட்டும் என்ன பெரிய வித்தியாசம்?" என்றாள் ஆவுடையம்மாள். சொல்லிவிட்டு, மூன்றாவது தோசையை அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் வைக்கும்போது அவள் கை ஒரு நிமிஷம் காற்றைத் தடவி, தோளைக் கண்டுபிடித்து, அங்கேயே நின்றது.

வாசலுக்கு வந்ததும் கோமதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் பொறந்ததுல இருந்து எங்கப்பாவ அண்ணாந்துதான்டி பாத்திருக்கேன். சாப்பாட்டுத் தூக்குவாளியக் கொண்டுபோயி கம்பத்தடியில நின்னு அண்ணாந்து பாப்பேன், பள்ளியோடம் விட்டு வரும்போது பாப்பேன், மழையில பாப்பேன். பாட்டு பூரா அதுதான். தேர் அன்னைக்கு நான் மேட மேல நிப்பேன், எங்கப்பா கீழ நிப்பாவ. ஒரே ஒரு தடவ அவிய என்ன அண்ணாந்து பாக்கணும். அத நான் பாக்கணும். அதுக்குத்தான்டி இந்த ஆல்பமே."

உலகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது. பழைய படம் அழிந்துபோயிற்று, கோமதியும் பாட்டுப் பதிய இடம் வேண்டுமென்று போனைத் துடைத்திருந்தாள். துடைப்பதில் இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை.

அதற்குள் ஊர் கம்பியில்லாமல் வாழப் பழகிவிட்டது. மின்சார ஆபீஸிலிருந்து ஒரு இளம் பொறியாளர் நீண்ட மூங்கிலோடு வந்து காற்றைத் துழாவினார், ஒன்றும் தட்டுப்படவில்லை, ஆனால் மூங்கில் போன இடத்திலிருந்து காக்கைகள் இரண்டு தப்படி தள்ளி உட்கார்ந்தன. அவர் ஒரு டீ குடித்துவிட்டு, கரண்டு ஒழுங்காக வருகிறவரைக்கும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று கிளம்பிவிட்டார். வைக்கோல் லாரிகள் மனம்போன உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்தன. மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரைமேல் குடை பிடித்தார்கள். பட்டம் விட்டவர்கள் பட்டத்தை இழந்து வீடு திரும்பும் வழக்கம் ஒழிந்தது. மொட்டைமாடியிலிருந்து மொட்டைமாடிக்குப் பெண்கள் குழம்புக் கிண்ணத்தைக் கயிற்றில் கட்டி அனுப்ப ஆரம்பித்தார்கள், முன்பெல்லாம் நடுவில் கம்பி இருந்ததால் பக்கத்து வீட்டுக் குழம்பின் ருசியே தெரியாமல் போயிற்று என்று பேசிக்கொண்டார்கள்.

அட்டைப்படத்துக்கு அர்த்தம் என்ன என்பதிலும் ஊர் இறங்கிவிட்டது. எல்லாம் சூனியம் என்பதை அது குறிப்பதாகக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் சொன்னார். மழை வராது என்பதுதான் அர்த்தம் என்றார் டீ மாஸ்டர், வானத்தில் ஒரு மேகமும் இல்லையே. மைதீனின் மாமா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, இன்னும் படம் போடவில்லை போலிருக்கிறது, போட்டதும் காட்டு என்றார். ஆளாளுக்கு உலகுவிடம் வந்து இன்னதைத் துடைத்துத் தா என்று கேட்க ஆரம்பித்தார்கள். வேகத்தடையைக் கேட்டார்கள், எதிர்வீட்டுச் சுவரைக் கேட்டார்கள், ஒருத்தி மாமியார் படத்தோடு வந்து கண்ணால் கேட்டாள். உலகு துடைத்துத்தான் பார்த்தாள், வேகத்தடை அசையவில்லை, மாமியாரும் திடகாத்திரமாக இருந்தாள். அந்த அட்டைப்படத்தில் செய்தது மட்டும்தான் ஊரில் நடந்தது.

எல்லாரையும்விட மகிழ்ந்தவர் தேர்க்கமிட்டித் தலைவர் நல்லபெருமாள் அண்ணாச்சி. ஊருக்குக் கரண்டு வந்த காலத்தில் கம்பியில் இடிக்கிறது என்று தேரின் மேல் அடுக்கைக் கழற்றி மண்டபத்தில் போட்டார்கள். அப்படியும் தேர் நகர நகர லைன்மேன் ஒவ்வொரு கம்பமாக ஏறிக் கம்பியை அவிழ்க்க வேண்டும், தேர் தாண்டியதும் மறுபடி கட்ட வேண்டும், அதுவரை ஊருக்கு இருட்டு. அண்ணாச்சி வாழைத்தார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு உலகுவின் கடைக்கு வந்தார்.

"தாயி, இந்த வருசம் தேரு முழு ஒசரத்துல ஓடப்போவுது. எங்கய்யா காலத்துல பாத்தது. நீ படத்துல என்ன வேணும்னாலும் வரஞ்சிக்கோ, கம்பிய மட்டும் வரஞ்சிராத."

"அண்ணாச்சி, கம்பியோட ஒரு ஆளும் போயிட்டாவல்லா?"

"பலவேசந்தானே? நேத்துக்கூட எங்க வீட்டு மோட்டார பாத்துட்டுப் போனாரு. கொரலு கேட்டுச்சு, வேல நடந்துச்சு. ஆளத் தெரிஞ்சி என்னத்துக்கு?" என்றவர், உலகுவின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆள மட்டும் தனியாக் கொண்டுவர முடிஞ்சா கொண்டுவா. வேண்டாம்னா சொல்லுதேன்?"

ஆளை மட்டும் தனியாக வரைவது என்று உலகு முடிவு செய்தாள். வரைவதற்கு முகம் வேண்டுமே. கல்யாணப் போட்டோவில் பலவேசத்தை மாலை மூக்குவரை மூடியிருந்தது. மற்ற விசேஷப் படங்களில் எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள், பின்னணியில் எங்கோ ஒரு கம்பத்தில் அவர் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் கிடைத்தது அடையாள அட்டை. உலகு அந்த முகத்தைப் பார்த்து வரைந்து, வழக்கப்படி கொஞ்சம் மின்னவைத்து, நீல வானத்தில் கம்பத்து உச்சியில் வைத்து ஏற்றிவிட்டாள்.

மறுநாள் காலையில் ஆவுடையம்மாள் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. கட்டிலில் பலவேசத்தின் சட்டையோடு, பலவேசத்தின் குரலோடு, ஜாமீன் கேட்டு வந்தவன் மாதிரி முகத்தோடு யாரோ ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். கன்னங்கள் இரண்டும் மின்னின. அவரே எழுந்துபோய்க் கண்ணாடியைப் பார்த்து, "இது யாரு வேய்?" என்று கேட்டார்.

"இந்த மூஞ்சியோட வீட்டுக்குள்ள ஒருநாளும் இருக்கப்படாது. காணாமலே இருங்க, அது எவ்வளவோ தேவல" என்று ஆவுடையம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். உலகு ஓடிப்போய் அந்த முகத்தை எடுத்துவிட்டாள்.

பிறகு ஊரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. பலவேசத்தைத் தெரியாதவர் யார் இருக்கிறார்கள்? டீ மாஸ்டரிடம் கேட்டாள், எப்படி இருப்பார், அடையாளம் சொல்லுங்கள் என்று. மாஸ்டர் கண்ணை மூடி யோசித்தார். "குதிங்கால்ல வெடிப்பு. எடது காலு பெருவெரல் நகம் கறுத்துப்போயிருக்கும்" என்றார். மாவு மில்காரர் உள்ளங்காலில் கருவேல முள் ஏறிய தழும்பைச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் சுண்டுவிரல் கொஞ்சம் விலகி நிற்பதைச் சொன்னார். நல்லபெருமாள் அண்ணாச்சியும் அதே தழும்பையும் அதே நகத்தையும் சொன்னார். எத்தனையோ வருஷமாக ஊர் முழுக்க அவரைக் கம்பத்தடியில் நின்று பார்த்திருக்கிறது, எப்பண்ணே கரண்டு வரும் என்று அந்தப் பாதங்களிடம்தான் கேட்டிருக்கிறது. மூக்கு எப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு மூக்கு சொன்னார்கள். பாதத்தில் மட்டும் ஒருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

உலகு பாதங்களை வரைந்தாள். முழு அட்டைக்கும் இரண்டு உள்ளங்கால்கள், பின்னால் நீலம், ஓரத்தில் பொடி எழுத்தில் 'அண்ணாந்து'. வெடிப்பை மெழுகலாமா என்று கை ஒருமுறை போனது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் கட்டில் விளிம்பில் இரண்டு உள்ளங்கால்கள் தோன்றின. கறுத்த நகம், வெடிப்பு, முள் தழும்பு எல்லாம் இருந்தன. ஆவுடையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அவியதான்" என்றாள், பிறகு தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து அந்த வெடிப்புகளில் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. நடந்தால் தெரியாது, நீட்டி உட்கார்ந்தால் தெரியும் என்பதால் டீக்கடையில் அவருக்கென்று இரண்டு பெஞ்சு ஒதுக்கினார்கள். அட்டைப்படத்தைப் பற்றியும் ஊருக்கு இப்போது ஒரே கருத்துதான், இதில் அர்த்தம் கேட்க என்ன இருக்கிறது, நம்ம பலவேசம்.

கோமதியும் அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு உலகுவைத் தனியாக அழைத்துப்போய், "ரொம்ப நல்லா வரஞ்சிருக்கட்டி, ஒன்மேல எனக்குக் கோவம் இல்ல" என்றாள். "ஆனா பாதம் அண்ணாந்து பாக்காதுல்லா" என்றாள்.

திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. பென்டிரைவ் அட்டைக்கு முன்பக்கம் தயார், பின்பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. உலகு அதைப் பார்த்துக்கொண்டு கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது வேப்பெண்ணெய் சோப்பு வாசனை வந்தது, எதிரில் ஸ்டூல் முனகியது, இன்னொரு ஸ்டூலின் மேல் இரண்டு உள்ளங்கால்கள் வந்து அமர்ந்தன.

"என்ன மாமா, இந்தப் பக்கம்?"

"சும்மாதான். டீ சொல்லிருக்கேன்" என்றார் பலவேசம். டீ வந்தது.

உலகுவுக்குத் திடீரென்று ஒன்று கேட்கத் தோன்றியது. ஊர் அவரைக் கீழிருந்து பார்த்ததைத்தான் எல்லாரும் சொன்னார்கள். அவர் பார்த்ததை யாரும் கேட்கவில்லை.

"மாமா, மேல இருந்து பாத்தா என்ன தெரியும்?"

"மண்டதான் தெரியும்" என்றார் அவர். "ஊருல எவனெவன் வழுக்கைய எப்படி மறைக்காம்னு எனக்குத் தெரியும். நீ அதையெல்லாம் ஃப்ளெக்ஸுல மூடிருத."

உலகு சிரித்தாள். "கோமதி?"

டம்ளர் பாதி வழியில் நின்றது. "அவ ஒருத்திதான் மொகத்தக் காட்டுவா" என்றார் பலவேசம். "மத்தவன்லாம் கரண்டக் கேட்டுட்டு அவன் சோலியப் பாக்கப் போயிருவான். இவ தூக்குவாளிய வச்சிக்கிட்டு, நான் எறங்குற வரைக்கும் நிப்பா. வெயிலுக்கு வலது கண்ண இடுக்கிக்கிடுவா. வாயி லேசாத் தொறந்திருக்கும், முன்பல்லு தெரியும். நெத்தியில கோடு கோடா விழும், சின்னப்பிள்ளைக்கு யாருக்கும் அப்படி விழாது. 'பாத்து நில்லுங்கப்பா'ன்னு கத்துவா. தெனமும் கத்துவா. மேல இருக்கும்போது பேசுனா கவனம் செதறிரும், அதனால நான் ஒரு நாளும் பதில் சொன்னது கெடையாது. ஆனா அந்த மொகத்தப் பாத்துட்டா எனக்குக் கை நடுங்காது."

ஸ்டூலின் மேலிருந்த கால்விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்தன. உலகு திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாள். கோமதிக்கு அப்பாவின் முகத்தைத்தான் கொடுக்க முடியவில்லை, அப்பா பார்த்த அவள் முகத்தையாவது கொடுக்கலாம் என்பது மட்டும்தான் அவள் எண்ணம். இடுக்கிய கண்ணை வரைந்தாள், திறந்த வாயை வரைந்தாள். "கோடு இன்னும் ஆழமா விழும்" என்று குரல் சொல்லச் சொல்ல நெற்றியை வரைந்தாள். "மூக்கு இந்தப் பக்கம் லேசாச் சுருங்கும்." சுருக்கினாள். வயசைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் வைக்கவில்லை, அட்டை நிறைய ஒரு முகம் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மின்ன வைக்கவில்லை. சிவக்க வைக்கவில்லை. அவள் கடை திறந்ததிலிருந்து ஒரு முகத்தை மெருகேற்றாமல் விட்டது அதுதான் முதல் தடவை. யாருக்கும் காட்டாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

தேர் அன்று தேரிக்குடியில் கழுத்து வலிக்காதவர் யாரும் இல்லை. மேல் அடுக்கை மண்டபத்திலிருந்து எடுத்துவந்து பூட்டி, அதற்கு மேல் கலசமும், கலசத்துக்கு மேல் குடையும் வைத்து, தேர் தன் முழு உயரத்தில், ஒரு விளக்குகூட அணையாத வீதியில், காக்கைகள் எழுந்து எழுந்து வழிவிட, ஆடி ஆடி வந்து நிலைக்கு நின்றது. நல்லபெருமாள் அண்ணாச்சி ஒரு குழந்தையைப் போலத் தேம்பினார். பக்கத்திலேயே போட்டிருந்த மேடையில் மூணு ஃபேஸ் ஏறியது. மைதீன் தண்ணீர் கேனைத் தட்டிச் சரிபார்த்தான்.

மேடைக்கு எதிரே முதல் வரிசையில் ஆவுடையம்மாள் உட்கார்ந்திருந்தாள், அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, காலியான நாற்காலியில் யாரும் உட்கார வராமல் அவள் ஒரு கையை அதன்மேல் வைத்திருந்தாள். அங்கே உட்கார்ந்திருந்த பலவேசத்தின் பாதம் தரையில் இருந்தபடியால் அதுகூடத் தெரியவில்லை. கோமதி அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, மைக்கைப் பிடித்துவிட்டு, மறுபடி அந்த நாற்காலியைப் பார்த்தாள். முதல் பிரதியைக் கோமதியின் அம்மா பெற்றுக்கொள்வார் என்று ராபின்சன் அறிவித்தான். உலகு ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு போய் ஆவுடையம்மாளின் கையில் கொடுத்தாள். கிடார் தொடங்கியது, கோமதி பாடத் தொடங்கினாள்.

ஆவுடையம்மாள் முன்பக்கத்துப் பாதங்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அட்டையைத் திருப்பினாள். திருப்பியவள் நிமிர்ந்து உலகுவைப் பார்த்தாள்.

"அவிய மூஞ்சிய நீ எப்பட்டி பாத்த?"

"அத்த, அது கோமதி. மாமா சொல்லச் சொல்ல வரஞ்சேன்."

"கோமதிக்கு மட்டும் அந்த நெத்தியும் மூக்கும் எங்கேருந்து வந்துச்சாம்? அவிய பெத்த பிள்ளதான அவ?" என்று ஆவுடையம்மாள் கேட்டு முடிக்கும்போது, பக்கத்து நாற்காலி காலியாக இல்லை.

மேடையில் பாட்டு நின்றது. கிடார் தனியாகக் கொஞ்ச தூரம் போய்விட்டுத் தானும் நின்றது. கூட்டம் பாடகியைப் பார்த்தது, பாடகி பார்த்த இடத்தைப் பார்த்தது. அங்கே காக்கிச் சட்டையில் ஒரு மனிதர் எழுந்து நின்றுகொண்டிருந்தார், மேடை விளக்கின் வெளிச்சத்துக்கு வலது கண்ணை இடுக்கிக்கொண்டு, நெற்றியில் கோடு கோடாக விழ, வாய் லேசாகத் திறந்து, முன்பல் தெரிய, அண்ணாந்து. ஊரில் யாருக்கும் அந்த முகம் பழக்கமில்லை, ஆனாலும் யாரும் அவர் யாரென்று கேட்கவில்லை. மேலே நிற்கிறவளும் கண்ணீரில் கண்ணை இடுக்கிக்கொண்டு அதே முகத்தோடுதான் நின்றாள்.

கோமதி ஒரு அடி முன்னால் வந்தாள், இன்னொரு அடி வந்தாள், மேடையின் விளிம்புக்கே வந்துவிட்டாள்.

"பாத்து நில்லு தாயி" என்று கீழேயிருந்து பலவேசம் கத்தினார்.

"சரிப்பா" என்று சொல்லி, அவள் விளிம்பிலிருந்து தள்ளி நின்று, பாட்டை முதலிலிருந்து தொடங்கினாள்.